மதுரையில் இரண்டு இரவுகள்: தெருப் படங்களுக்கான பயணத் திட்டம் குறித்து ஆலோசனை தேவை

கூவம்கரை

வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் வியாழக்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மதுரையில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரவு அதே வண்டியில் திரும்புவதாக இருக்கிறோம். இரவு நேரத் தெருப் படங்கள் எடுப்பது ஒன்றே பயணத்தின் நோக்கம் என்பதால் பகல் முழுவதும் உறங்கினாலும் எங்களுக்கு இழப்பில்லை. என்னிடம் 35 மி.மீ. லென்ஸ் பொருத்திய ஃபுல் ஃபிரேம் கேமராவும், நண்பரிடம் ஜூம் லென்ஸ் பொருத்திய கேமராவும் ஒரு முக்காலியும் உள்ளன.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் வரிசை இது: முதல் இரவு மீனாட்சியம்மன் கோயில் வீதிகள், நாயக்கர் மகால், விளக்குத்தூண், தெப்பக்குளம், இரண்டாம் இரவு திருப்பரங்குன்றம், வைகை மேலுள்ள ஏ.வி. பாலம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தை, நேரம் மிஞ்சினால் அழகர்கோயில். இது சரிப்படுமா, எங்கே தங்கினால் வசதி, கோயில் பகுதியில் கேமராவுக்கு என்ன கட்டுப்பாடு, முக்காலியைச் சுமந்து வருவது பயன்படுமா என்பதை மதுரையை இரவில் நடந்து அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேலமாசி

வருக. உங்கள் வரிசையில் பாதியை அடித்துவிட வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. அழகர்கோயில் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. இரவில் அங்கே தெரு என்று சொல்லத்தக்க நடமாட்டம் இல்லை. திருப்பரங்குன்றம் அழகான ஊர்தான் என்றாலும், போய்வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு மாலையின் மிகச் சிறந்த பகுதியை அது விழுங்கிவிடும். தெப்பக்குளமும் முக்காலியும்கூட வேண்டாம் என்பேன். இரண்டே இரவுகள் உள்ளவர்கள் இடங்களைக் கூட்டக் கூடாது. ஒரே இடத்துக்கு வெவ்வேறு மணியில் திரும்பத் திரும்ப வர வேண்டும். முதல் இரவில் பார்த்து வைத்த மூலைக்கு இரண்டாம் இரவில் சரியான நேரத்தில் போய் நிற்பதில்தான் நல்ல படம் கிடைக்கிறது.

மதுரையின் அமைப்பே நடப்பவருக்கு உதவும். கோயிலை நடுவில் வைத்துச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக விரிகின்றன. ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் சாலை வழியாக நேராக நடந்தால் மேலக்கோபுரப் பக்கம் வந்து சேரலாம். தொலைவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். இடையில் குறுக்கிடும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் எல்லா விலைக்கும் விடுதிகள் உள்ளன, பலவற்றில் 24 மணி நேர வாடகை முறையும் உண்டு. அங்கேயே தங்குங்கள். நள்ளிரவில் அறைக்கு வந்து பேட்டரியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்க முடிவது, அறையின் மற்ற எல்லா வசதிகளையும்விட உங்களுக்கு முக்கியம்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. இந்த ஊரில் தெருவின் வெளிச்சம் கடைக்காரர்களுடையது. மாநகராட்சி விளக்கு வழி காட்டும், அவ்வளவே. முகங்களுக்கு உருவம் கொடுப்பது துணிக்கடையின் குழல்விளக்கும், தள்ளுவண்டியில் தொங்கும் ஒற்றைப் பல்பும், நகைக்கடையின் மஞ்சள் வெளிச்சமும்தான். ஆகவே இடங்களின் பட்டியலை விட்டுவிட்டு, எந்தக் கடை எப்போது திறந்து எப்போது அடைக்கிறது என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள். மாலை ஏழு முதல் ஒன்பதரை வரை தெற்கு மாசி வீதியும் விளக்குத்தூண் சுற்றுப்புறமும் துணிக்கடைக் கூட்டத்தால் நிறைந்திருக்கும். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளின் வெளிச்சம் கண்ணாடி வழியாகத் தெருவில் பாய்கிறது. பத்து மணிக்கு மேல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். அந்த அரை மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே கணக்கு முடிப்பவர், வாசலில் தண்ணீர் தெளிப்பவர், எஞ்சிய பூவைக் குறைந்த விலைக்குக் கூவி விற்பவர் என்று மாலைக் கூட்டத்தில் காணக் கிடைக்காத அமைதியான முகங்கள் அப்போது தெரியும்.

அதற்குப் பிறகு வெளிச்சம் உணவுக் கடைகளுக்கும் சரக்கு இறக்கும் இடங்களுக்கும் மாறிவிடுகிறது. கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. மூட்டை சுமப்பவர்களின் உழைப்பைப் பார்க்க அந்த வீதிக்குத்தான் போக வேண்டும். சங்க காலத்து மதுரைக்காஞ்சியே இந்நகரின் நாளங்காடியையும் (பகற்கடைத் தெரு) அல்லங்காடியையும் (இரவுக்கடைத் தெரு) தனித்தனியாகக் காட்டி, இரவைச் சாமம் சாமமாகப் பிரித்துப் பாடியிருக்கிறது. நீங்களும் இரவை அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்லூர்க்காரன்

கோயில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் கைப்பேசியும் தடை செய்யப்பட்டது. இரவில் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூஜையைக் காண விரும்பினால் எல்லாவற்றையும் விடுதியில் வைத்துவிட்டு வெறும் கையோடு செல்லுங்கள். அதைக் கண்ணால் கண்டு வருவதே நிறைவு. வாகனங்கள் ஓடாத சித்திரை வீதிகளில் கோபுரத்தை வெளியிலிருந்து படம் எடுப்பவர்கள் நாள்தோறும் உண்டு. ஆனால் அது பலத்த பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதி என்பதால் பைகள் சோதிக்கப்படும். முக்காலியை விரித்தால் காவலர் கேள்வி கேட்பார். டிரோன் என்ற எண்ணமே வேண்டாம். கேட்பவரிடம் வாதிடாமல் படத்தைக் காட்டி, நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று: திருப்பணி நடக்கும் காலங்களில் கோபுரங்களைச் சாரம் கட்டி மூடிவிடுவார்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒளியளவி

மேலமாசி அண்ணன் சொன்ன கடை வெளிச்சத்தைக் கேமராவில் எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

விளக்குகள் நிறைந்த கடைத்தெருவில், எஃப் 2 துளையில், 1/125 வினாடியில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600 என்பது நல்ல தொடக்கம். சந்துக்குள் திரும்பினால் 3200. நண்பரின் ஜூம் லென்ஸ் எஃப் 4க்கு மேல் திறக்காது என்றால் அவர் அதே தெருவில் 6400 வைக்க வேண்டியிருக்கும். இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராக்களுக்கு அது ஒரு சுமையே இல்லை. அசைவால் குழம்பிய முகத்தைவிடச் சற்றே மணல் தூவியது போன்ற முகம் எவ்வளவோ மேல். இருட்டு மிகுந்த காட்சியைப் பார்த்துக் கேமரா தானாகவே படத்தை வெளுப்பாக்க முயலும் என்பதால், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் உட்பகுதி வெளுத்துப் போனால் பிறகு மீட்க வழியில்லை. நிழலை ரா கோப்பிலிருந்து (கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்பு) ஓரளவு மீட்டுவிடலாம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்னிணைப்பில் நேரடியாக எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஓசையில்லாத மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தி வேகமாக எடுத்தால் படத்தில் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதற்கு இதுவே காரணம். இயந்திர ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வினாடியில் எடுத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைப் பெயர்ப் பலகைகளில் ஓடும் எல்இடி எழுத்துகள் வேறு கணக்கில் துடிப்பதால் அவற்றுக்கு இந்த வழி எப்போதும் உதவாது. முதல் படத்தைப் பெரிதாக்கிச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிலைநிறுத்துங்கள். அப்போதுதான் பல்பு மஞ்சளாகவும் எல்இடி நீலம் கலந்த வெள்ளையாகவும், கண் கண்ட வேறுபாட்டோடு, ஒரே படத்தில் தங்கும். பழைய சோடியம் விளக்கு எரியும் இடம் எதிர்ப்பட்டால், அதன் ஒளியில் மஞ்சள் நிறமே மிகுதி, திருத்தத்தால் மற்ற நிறங்களை முழுமையாகக் கொண்டுவருவது கடினம் என்பதை நினைவில் வைத்து அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

குவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 35 மி.மீ. லென்ஸை 3 மீட்டரில் நிறுத்தினால், எஃப் 2இல் ஏறத்தாழ 2.6 முதல் 3.5 மீட்டர் வரைதான் தெளிவாக இருக்கும். எஃப் 4இல் அது 2.3 முதல் 4.2 மீட்டர் வரை விரியும். பகலில் பழகிய கணக்கை இரவுக்குக் கொண்டுவந்தால் முகம் தவறிவிடும். கூட்டத்துக்குள் நடந்துகொண்டே எடுப்பதற்கு எஃப் 4, ஓரிடத்தில் நின்று ஒருவரைக் காத்திருந்து எடுப்பதற்கு எஃப் 2 என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

கொத்துப் பரோட்டாக் கடை எல்லோரையும் ஈர்க்கும். கைகள் உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/250, முகம் நிலைத்துக் கைகள் மட்டும் கரைய வேண்டுமென்றால் 1/30. கல்லுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னாலிருக்கும் விளக்கு ஆவியை ஒளிரச் செய்யும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸில் நீர் படியும் என்பதால், பையைத் திறக்காமல் இருபது நிமிடமாவது வெளிக்காற்றுக்குப் பழக விடுங்கள்.

மூன்றாம்சாமம்

மேலமாசி அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் முக்காலியையும் தெப்பக்குளத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவது இரவுப் படக்கலையின் பாதியைத் தள்ளுவதாகும். திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் கோயிலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் நடுவிலுள்ள மைய மண்டபம் விளக்கொளியில் அப்படியே தண்ணீரில் இறங்கி நிற்கும். கரைச்சுவரில் குடும்பங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும், சிற்றுண்டி வண்டிகள் வரிசையாக நிற்பதும் தெருப் படங்கள்தானே? மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டு வருபவர்கள்தான் அதை வெறும் சுற்றுலாப் படமாக்குகிறார்கள்.

நேரம் மட்டும் கவனம் தேவை. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால் நம் அந்திப் பொழுது மிகவும் குறுகியது. சூரியன் மறைந்த பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் வானத்து நீலம் போய்விடும். டிசம்பரில் ஆறு மணியளவிலும் ஜூனில் ஆறு நாற்பதை ஒட்டியும் சூரியன் மறைகிறது. மறைவதற்கு முன்னரே முக்காலியை நிறுத்திச் சட்டகத்தை முடிவு செய்துவிட்டால், வான வெளிச்சமும் மண்டப விளக்கும் சமமாகும் சில நிமிடங்களில் ஐஎஸ்ஓ 100இல் சில வினாடிகள் திறந்து எடுக்கலாம். கடைத்தெரு சூடுபிடிக்கும் முன் ஆட்டோவில் திரும்பிவிடலாம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

மேலமாசி

மூன்றாம்சாமம் சொல்வதை ஏற்கிறேன். ஒரு மாலைக்குத் தெப்பக்குளம் தகுதியானதே, முக்காலிக்கு அங்கே வேலையும் இடமும் உண்டு. மாசி வீதிகளுக்குள் மட்டும் அது வேண்டாம். நெரிசலான நடைபாதையில் மூன்று கால்களை ஊன்றுவது மூட்டை சுமந்து வருபவரின் வழியை மறிப்பதாகும், வியாபாரம் செய்பவரின் வாசலையும் அடைப்பதாகும். நீங்கள் எடுக்க வந்த காட்சி உங்களாலேயே கலைந்துவிடும். ஏ.வி. பாலத்தைப் பொறுத்தவரை, வைகையில் பெரும்பாலான மாதங்களில் தண்ணீர் ஓடுவதில்லை என்பதால் பிரதிபலிப்பை நம்பி அங்கே நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

தெப்பக்கரை

இரவில் கேமராவோடு நடக்கும் பெண் என்ற முறையில் இதுவரை பேசப்படாத ஒன்றை எழுதுகிறேன். இரவுத் தெருவில் நாம் எடுப்பவை பெரும்பாலும் வேலை செய்பவர்களின் முகங்கள். அவர்கள் நமக்காக விழித்திருக்கவில்லை; விடியும்போது கூலி கையில் வர வேண்டும் என்பதற்காக விழித்திருக்கிறார்கள். ஆகவே முதலில் ஒரு தேநீரோ பருத்திப்பாலோ வாங்கிக் குடித்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். கேமரா கழுத்தில் வெளிப்படையாகத் தொங்கட்டும். ஒளித்து வைத்து எடுப்பவர்மேல்தான் சந்தேகம் விழும். "அண்ணே, நீங்க வேலை பாக்குறப்ப ரெண்டு படம் எடுத்துக்கிறவா?" என்று கேட்டால் மதுரையில் மறுப்பவர்கள் குறைவு. கேட்டதும் நிமிர்ந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். அந்த நேர்ப்படத்தை மரியாதையாக எடுத்துக் காட்டிவிட்டு, பிறகும் அங்கேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், நீங்கள் நினைத்து வந்த படம் அப்போது கிடைக்கும்.

பூச்சந்தைக்கு இது இன்னும் பொருந்தும். விலை பேசும் நேரத்தில் தராசுக்கும் வியாபாரிக்கும் நடுவில் புகுந்து நிற்பது பெரிய தொல்லை. ஓரமாக நின்று, ஏலக் குரல் ஓய்ந்து பூவை அள்ளிக் கட்டும் கட்டத்துக்காகக் காத்திருங்கள். பெண்கள் சேர்ந்து பூக்கட்டும் இடங்களில் ஆண்கள் கேட்காமல் எடுக்கவே கூடாது. குழந்தைகள் என்றால் பக்கத்தில் இருக்கும் பெரியவரின் சம்மதம் கட்டாயம்.

பாதுகாப்பைப் பற்றி என் வழக்கம்: நள்ளிரவுக்குப் பின் தனியாகப் போவதில்லை, விழித்திருக்கும் ஒரு தேநீர்க் கடையை மையமாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றிய தெருக்களில் மட்டும் நடப்பேன். கடை திறந்திருக்கும் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். மதுக்கடை அடைக்கும் நேரத்தில் அதன் பக்கத்துச் சந்துகளைத் தவிர்த்துவிடுங்கள். இது ஆண்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. நடைபாதையில் உறங்குபவர்களைப் படம் எடுக்காதீர்கள். முதல் முறையாக இரவில் கேமராவோடு இறங்கும் பலரும் அதைத்தான் எடுத்து வருகிறார்கள், அசையாத ஆள் எளிதான இலக்கு என்பதால்.

அரைநிழல்

தெப்பக்கரை அவர்களின் கடைசிக் கருத்தோடு உடன்பட முடியவில்லை. வீடற்றவர்கள் நகரத்தின் இரவில் இருக்கிறார்கள்; அவர்களை விட்டுவிட்டுக் கடை விளக்குகளையும் பரோட்டா ஆவியையும் மட்டும் எடுத்தால் இரவு என்பது ஒரு கொண்டாட்டம் என்ற பொய்யான பதிவே மிஞ்சும். வறுமையைப் பதிவு செய்த படங்கள் அரசுகளின் மனத்தை மாற்றியதும் உண்டு. காட்டக் கூடாது என்ற விதி கடைசியில் யாருக்கு வசதி என்பதையும் யோசிக்க வேண்டும்.

தெப்பக்கரை

நீங்கள் சொல்லும் பதிவு தேவை என்பதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. ஆனால் அதைச் செய்பவர் அந்த மனிதரின் பெயரை அறிவார், எந்த ஊரிலிருந்து எதற்காக வந்தார், ஏன் இங்கே படுக்கிறார் என்று கேட்டறிந்திருப்பார், படம் எங்கே வெளியாகும் என்று அவரிடம் சொல்லியிருப்பார். அது பல மாத உழைப்பு. இரண்டு இரவுகளுக்கு வந்து, உறக்கத்தில் இருப்பவரின் முகத்தை அவர் அறியாமல் எடுத்து, சமூக ஊடகத்தில் ஒரு வரி விளக்கத்தோடு ஏற்றுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விழித்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையை உயர்த்தி மறுக்கலாம், திட்டவும் செய்யலாம். உறங்குபவருக்கு அந்த உரிமை எதுவும் கிடையாது. வீடில்லாதவருக்கு மூடிக்கொள்ளக் கதவும் இல்லை. இந்த இழையைத் தொடங்கியவரின் பயணத்துக்கு வேண்டிய பதில் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அரைநிழல்

குறுகிய பயணத்துக்கு என்ற அளவில் ஏற்றுக்கொள்கிறேன். நீண்ட பணிகளுக்கான நெறிகளைத் தனி இழையில் பேசுவோம்.

கூவம்கரை

அனைவருக்கும் நன்றி. அழகர்கோயிலையும் திருப்பரங்குன்றத்தையும் பாலத்தையும் நீக்கிவிட்டோம். வெள்ளி மாலை தெப்பக்குளம், பின்னர் தெற்கு மாசி வீதியும் விளக்குத்தூணும், ஷட்டர் இறங்கும் நேரத்துக்கு ஆவணி மூல வீதி, நள்ளிரவில் அறையில் சிறிது உறக்கம், சனி விடியலில் மாட்டுத்தாவணி. சனி இரவு முழுவதும் வெள்ளி இரவில் கண்டு வைத்த இடங்களுக்கே மறுபடி செல்வதாக முடிவு. முக்காலி தெப்பக்குளத்துக்கு மட்டும்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியுள்ளன. கிழமைகளின் வரிசை சரியா? தேதி இன்னும் உறுதியாகவில்லை என்பதால், சித்திரைத் திருவிழாவையொட்டி வைத்துக்கொண்டால் கூடுதல் பயன் கிடைக்குமா?

செல்லூர்க்காரன்

கிழமைகள் சரியாகவே அமைந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பலவும் விடுமுறை என்பதால் அந்த இரவில் ரயில் ஏறுவது நல்லதுதான். மாட்டுத்தாவணிக்கு ரயில் நிலையப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் போக வேண்டும். அந்நேரத்துக்கு வர முதல் நாளே ஓர் ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலமாசி

சித்திரைத் திருவிழாவுக்கு முதல் பயணத்தை வைக்காதீர்கள். மீனாட்சி மாசி வீதிகளில் வலம் வரும் இரவுகளும், தல்லாகுளத்தில் அழகரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையும், விடிய விடிய நடக்கும் தசாவதாரக் காட்சியும், பூப்பல்லக்கும் இந்த நகரத்தின் மகத்தான இரவுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நாள்களில் லட்சக்கணக்கான மக்கள் திரள்வதால் விடுதி அறை கிடைப்பது அரிது. எங்கே நிற்பது என்பதைக் கூட்டம்தான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல. தெருக்களின் திசை தெரியாமல் அதற்குள் இறங்குபவர்கள் பெரும்பாலும் தலைகளையும் தூக்கிய கைப்பேசிகளையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சாதாரண இரவுகளில் ஊரைப் பழகிக்கொண்டு, அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு வாருங்கள். இடையில் தை மாதப் பௌர்ணமியில் நடக்கும் தெப்பத் திருவிழா இருக்கிறது. மூன்றாம்சாமம் சொன்ன அதே குளம் அன்று முற்றிலும் வேறாக இருக்கும்.

தேதிக்கு என் பரிந்துரை இரண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பகுதியில் நடைபாதைக் கடைகள் பெருகி வியாபாரம் நள்ளிரவைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழையின் காலமும் அதுவே என்பதால், மாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் கடை விளக்குகள் அனைத்தும் தரையிலும் எரியும். கேமராவுக்கு மழையுறையும் இரண்டு உலர்ந்த துண்டுகளும் கொண்டுவாருங்கள். நெரிசல் வேண்டாம் என்றால் பங்குனி முதல் வைகாசி வரை, திருவிழா நாள்களை மட்டும் விலக்கி, ஏதேனும் ஒரு வார இறுதி. மல்லிகை வரத்து மிகுதியாக இருக்கும் காலம் அது. மார்கழிக் குளிரில் பூ குறைந்து விலை ஏறிவிடுவதால் சந்தையில் குவியல்களே சிறுத்துவிடும்.

நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளாக இருக்கிறதா என்று பார்த்துத் தேதியைக் குறியுங்கள். திருமண வீடுகளுக்கான பூவை முந்தைய நாளே வாங்கிவிடுவார்கள் என்பதால் சனி விடியலில் சந்தை நிரம்பி வழியும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். வெள்ளி இரவு விளக்குத்தூணில் தொடங்கிக் கீழமாசி வீதி வரை உங்களோடு நானும் நடந்து வருகிறேன்.